வராளா, போறாளா

இந்த வருஷ மழையில் புத்தக அலமாரியின் பின்சுவர் ஓதம் காத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கீழே இறக்கி, கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி, மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். காற்றில் ஒவ்வொரு புத்தகமும் தன் இஷ்டத்துக்குப் புரண்டுகொண்டிருந்தது. ஒன்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்தபடி அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு எண்ணெய்க் கறை, அதற்கு மேலே பென்சிலில் உன் கையெழுத்து. ‘பாஸ்’ என்று ஒரே சொல்.

குனிந்து மோந்து பார்த்தேன். இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் எப்போதோ போய்விட்டன, வெறும் ஓத வாசனைதான் வந்தது. வராது என்று தெரிந்தும் மோந்து பார்த்தேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நாட்களில்கூட நாம் வாட்ஸ்அப்பில்தான் சண்டை போட்டோம். இப்போது நீ இருக்கும் இடத்துக்கு எது போய்ச் சேரும் என்று தெரியவில்லை. எழுதுகிறேன், போகிற வரைக்கும் போகட்டும்.

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு நம் கம்பெனி பஸ் வரும். நான் பத்து நிமிஷம் முன்னால் வந்து நிற்பேன். நீ படாளத்திலிருந்து ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து கடைசி நிமிஷத்தில் குதிப்பாய். நீ வரும்வரை டிரைவரிடம் ஏதாவது கதை சொல்லி வண்டியை நிறுத்திவைப்பது என் பொறுப்பு. சிறுசேரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நீ அளந்து ஆங்கிலம் பேசுகிற சீனியர் டெஸ்டர். பஸ்ஸில் மட்டும் உன் ஊர்ப் பேச்சு. என் பெயரைச் சொல்லி நீ என்னைக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து இருபது வருஷம் ஆகியும் நான் உனக்கு ‘தஞ்சாவூரு’தான்.

நம் வேலையும் ஏறுக்கு மாறாகத்தான் இருந்தது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் கையேடு எழுதுகிறவள் நான். அது எங்கெங்கே உடையும் என்று உடைத்துப் பார்க்கிறவள் நீ. வார்த்தை நன்றாக இருந்தால் எனக்குப் போதும், மயங்கிவிடுவேன். உனக்கு அது வேலை செய்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட உன்னிடம் நான் அந்த நாவலைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அதைப் படித்து முடித்த வாரத்தில் நான் தரையில் நடக்கவில்லை. மழை வருவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தை ஆறு பக்கத்துக்கு எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். ஒரு இடத்தில்கூட அலுக்கவில்லை. இப்படியெல்லாம் தமிழில் எழுத முடியுமா என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் போலிருந்தது, பக்கத்து இருக்கையில் நீ இருந்தாய்.

கதை என்று சொன்னால் ஒரு கைப்பிடிதான். ஒருத்தி ஆறு வயது மகளை விட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். ஏன் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். அவள் இருக்கிற ஊர், அங்கே பெய்கிற மழை, விட்டு வந்த வீட்டின் கதவுகள் என்று முந்நூற்று எண்பது பக்கம் போகும். திரும்பி வருவாளா என்பதுதான் ஒரே கேள்வி.

முதல் வாரமே நீ பென்சிலை எடுத்துவிட்டாய். புத்தகத்தில் கோடு போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நீ கோடு போடவில்லை, எண் போட்டாய். ஆபீஸில் பிழைகளுக்குப் போடுவது போலவே, டிஃபெக்ட் ஒன்று, டிஃபெக்ட் இரண்டு. எண்பத்தெட்டாம் பக்கத்தில் அடைமழை, தொண்ணூறாம் பக்கத்தில் அதே சாயங்காலம் மொட்டைமாடியில் துணி காய்கிறது. கணவனுக்கு ஓரிடத்தில் இடது கால் ஊனம், இன்னோரிடத்தில் வலது கால். நான்கு பக்கத்துக்குக் கிணற்று ராட்டினத்தின் சத்தம் வருகிறது, தண்ணீர் எடுத்தாளா இல்லையா என்று தகவல் இல்லை. எனக்குக் கோபமான கோபம். இதெல்லாம் அப்படிப் படிக்கிற புத்தகமில்லை, கொஞ்சம் பொறுமையாக உள்ளே போ என்று பாடம் எடுத்தேன். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “உள்ள போலாம், வழி எங்க கீதுன்னு சொல்லு” என்றாய்.

ஆனால் நீ படிப்பதை நிறுத்தவில்லை. அதைத்தான் நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. திட்டிக்கொண்டே தினமும் இருபது பக்கம் படித்தாய். செம்பாக்கம் தாண்டி ரோடு மோசமாகி வண்டி குலுங்கும்போதுகூட விரலை வரியில் வைத்துக்கொண்டு விடாமல் படித்தாய். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அந்தத் தாய் கிளம்புவதற்கு முன்னால் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடுகிற இடம் வந்தது. நீ இட்லியை எடுத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாய். பொடியெண்ணெய் சொட்டியது. நான் பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க, நீ நிதானமாகப் பென்சிலை எடுத்து ‘பாஸ்’ என்று எழுதினாய். முழுப் புத்தகத்திலும் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் தேர்ச்சி கொடுத்தாய்.

கடைசிப் பத்து பக்கத்தை நீ என் கண்ணெதிரே படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த மாசம் ஆபீஸ் டீம் அவுட்டிங் மகாபலிபுரத்தில். எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் தள்ளிப்போய், மேட்டில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். நீ படித்தாய், நான் கடலைப் பார்க்கிற மாதிரி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் அந்தத் தாய் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தலைநிமிர்ந்து ‘அம்மா?’ என்கிறாள். ‘வரேன்’ என்றாள், என்று நாவல் முடிகிறது. உள்ளே வருகிறாளா, விடைபெற்றுக்கொண்டு போகிறாளா? நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. இருக்கிற ஒரே கேள்வியைக் கொண்டுபோய் அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் ஆசிரியர்.

நீ பக்கத்தைத் திருப்பினாய். வெற்றுத்தாள். மறுபடி திருப்பினாய், பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள். முதுகுப்பக்கம் புத்தகத்தை விரித்துத் தையலைச் சோதித்தாய். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாய். உங்கள் புத்தகத்தில் கடைசிப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது, பைண்டிங் கோளாறு, வேறு பிரதி வேண்டும் என்று ஆபீஸ் குரலில் மரியாதையாகச் சொன்னாய். அந்தப் பக்கம் இருந்தவர் கடைசி வரி என்ன என்று கேட்டார். நீ வாசித்தாய். அவர், “இல்லம்மா, அவ்வளவுதான் கதை” என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, உன் ஆபீஸ் மொழியிலேயே, இது டிஃபெக்ட் இல்லையடி, டிசைனே அப்படித்தான் என்றேன். ஒரே சொல்லில் வருவதும் போவதும் இருக்கிறது பார், இந்த அழகு வேறு எந்த பாஷையில் வரும் என்று பெரிய பேச்சாளர் மாதிரி அளந்துகொண்டே போனேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். “வராளா, போறாளா?” என்று மட்டும் கேட்டாய். அது நம் கையில்தான் இருக்கிறது என்றேன். “அந்தப் பொண்ணு கையில இன்னா கீது?” என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

அதற்குப் பிறகு பதினொரு வேலைநாள் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று வரிசை முன்னால், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனாய். ஒரு புத்தகத்துக்காக யாராவது இப்படி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்களா என்று எனக்கும் ரோஷம் வந்தது. இலக்கியம் புரியாதவளிடம் கொடுத்தது என் தப்பு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் திருப்போரூரில் ஏதோ சாமி ஊர்வலம், வண்டி நின்றுவிட்டது. நீயாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உனக்கு எட்டு வயது. வயிற்றுவலி என்று உன் அம்மாவை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஏறும்போது அம்மா உன் கன்னத்தைத் தொட்டு, வரேன் கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கேயே முடிந்துவிட்டது. பிள்ளை பார்த்தால் பயந்துவிடும் என்று உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவின் பிறந்த ஊரிலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள். நீ கேட்டபோதெல்லாம், வரும், வரும் என்றார்கள். கூடப் படிக்கிற ஒருத்தி விளையாட்டில் சண்டை வந்து சொல்லித்தான் உனக்கு விஷயமே தெரிந்தது.

“ஒரு மாசம் தெனம் சாயங்காலம் கூட்ரோட்ல நின்னுகினு இருந்தேன், தஞ்சாவூரு. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துகினு. அதுல இன்னாடி அழகு கீது?”

இருபது வருஷமாக வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவள், ஒரு மன்னிப்புக்குக்கூட வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீதான் டப்பாவைத் திறந்து, “சரி வுடு, நாஸ்தா துன்னு” என்று என் பக்கம் தள்ளினாய். நாம் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் ஒருநாள் என் பையிலிருந்து அதை நீயே எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மறுபடி படித்ததைப் பார்த்தேன். படித்து மூடிவிட்டு, இப்படி எழுதத் தெரிந்த ஆள் அப்படி ஏமாற்றலாமா என்று கேட்டாய். இன்றுவரை அந்த நாவலுக்கு வந்த விமர்சனங்களில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

நேற்று அதை முதலிலிருந்து படித்தேன். மழைக்கு முந்தைய ஆறு பக்கம் இன்னும் அப்படியே புல்லரிக்க வைக்கிறது. தலை பின்னுகிற இடத்தில் அழுதேன். உன் டிஃபெக்ட்களைப் பார்த்துச் சிரித்தேன், அத்தனையும் நியாயம். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் மூடி வைத்துவிட்டேன். அந்த ஆசிரியர் எதிரே வந்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேனா, சட்டையைப் பிடித்து உலுக்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய அடுத்த புத்தகம் வந்தால் முதல் ஆளாகப் போய் வாங்குவேன் என்பது மட்டும் தெரியும். நீ இருந்தால் காறித் துப்புவாய்.

உனக்கு நோய் என்று தெரிந்தபோதும் நீ நீயாகத்தான் இருந்தாய். எங்கே இருக்கிறது, எத்தனையாவது கட்டம், மருந்துக்கு நோய் கேட்க எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டு, என்னிடம் வந்து ஒப்பித்தாய். சரியாகிவிடும் என்று நான் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாய். ராட்டினங்கிணற்றில் வண்டியை நிறுத்திவைக்கிற வேலை எனக்கு இல்லாமல் போனது. சனிக்கிழமைகளில் படாளத்துக்கு வர ஆரம்பித்தேன்.

கடைசிச் சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. லோடு வண்டி ஓட்டுகிற உன் வீட்டுக்காரர் யாரிடமோ காரைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். உன் மாமியார் திருநீறு வைத்துவிட்டு, வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பும்மா என்றார். நீ அதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மகளை முன்னால் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

“அம்மா போறேன். மருந்து கேட்டா வருவேன். கேக்கலன்னா வரமாட்டேன். அப்டி ஆச்சுன்னா அப்பா அன்னிக்கே உன்னாண்ட சொல்லும், உன்ன கூட்டிகினும் வரும். நீ ரோட்டுல போய் நின்னு பாக்காத. சரியா?”

நல்ல நேரத்தில் என்ன பேச்சு இது என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உன் மகள் அழவில்லை. நீ சொன்னதை மனப்பாடம் பண்ணுகிறவள் மாதிரி உதட்டை அசைத்துவிட்டு, சரி என்றாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கிட்டயாவது ஒழுங்கா சொல்லிட்டுப் போடி என்று கெஞ்சினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். மெலிந்துபோன அந்த முகத்திலும் பழைய குறும்பு அப்படியே இருந்தது. “உனுக்குதான் ரெண்டு அர்த்தம் இருந்தா புடிக்குமே, தஞ்சாவூரு,” என்றாய். அப்புறம் என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாய். “வரேன்.”

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் ஏதோ கொடுத்துவிட்டுப் போகிறாய் என்று மனசு குளிர்ந்து பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு நாள்தான். உன் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே மகளிடம் சொல்லி, கூட்டிப்போய், உன் முகத்தைக் காட்டி, கையைத் தொடவைத்தார். அவள் அப்போதுதான் அழுதாள், நன்றாக, வீடே அதிர அழுதாள். அழுது முடித்துத் தூங்கினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். கூட்டம் கலைந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மதுராந்தகம் பக்கமிருந்து வருகிற பஸ், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருகிற பஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் மகள் பக்கத்தில் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னா ஆண்ட்டி, ரோட்டயே பாத்துகினு கீறீங்க? அம்மா போறேன்னு சொல்லிட்டுதான போச்சு. உங்களாண்ட சொல்லலியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து, வாங்க, சாப்பிடலாம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உன் மகள் அதற்குப் பிறகு ஒருநாளும் ரோட்டில் போய் நிற்கவில்லை. பள்ளிக்குப் போகிறாள், சிரிக்கிறாள், உன்னைப் பற்றிப் பேசுகிறாள். அவளுக்கு நீ முடிவைக் கொடுத்துவிட்டுப் போனாய். எனக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுத்தாய். அதற்குள் நீ வருகிறாயா போகிறாயா என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் ஏழு மணிக்கு டிரைவரிடம், ஒரு நிமிஷம் இருங்க அண்ணே, என்கிறேன்.